சோக்பாயின்ட் என்பதற்குப் ‘பிடிமுனை’

அன்புடையீர்,

பலரும் சார்ந்திருக்கும் ஒரு வழியையோ பொருளையோ ஒருவர் நினைத்தால் நிறுத்திவிடக்கூடிய இடத்தை ஆங்கிலத்தில் சோக்பாயின்ட் (chokepoint) என்கிறார்கள். அதற்கு நான் முன்வைக்கும் ‘பிடிமுனை’ பற்றி எழுந்த கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> ‘தடைப்புள்ளி’ போதாதா? புதுச்சொல் எதற்கு?

போதாது ஐயா. தடை என்றாலே ஏற்கெனவே அடைபட்டுக் கிடப்பது. நாம் பேசும் இடத்திலோ ஆண்டுக்கணக்கில் எல்லாம் தங்குதடையின்றி ஓடும். ஓர் அரசு நினைத்தால் ஒரே நாளில் நிற்கும். அந்த ‘நினைத்தால்’ சொல்லுக்குள் வந்தாக வேண்டும். வங்கிகளுக்கிடையே பணமாற்றச் செய்திகளைக் கொண்டுசெல்லும் ஸ்விஃப்ட் பெல்ஜியத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணைப்படி 2012-இல் ஈரானிய வங்கிகளும் 2022-இல் ரஷ்ய வங்கிகள் சிலவும் அதிலிருந்து துண்டிக்கப்பட்டன. அதுவரை அவற்றின் செய்திகளும் மற்றவற்றைப் போலவே போய்வந்தன.

‘நெரிசல்முனை’யும் எனக்கு ஒப்பவில்லை. நெரிசல் கூட்டம் மிகுந்து தானாக வருவது; பாட்டில்நெக்குக்கு (bottleneck) அதை வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு கை இருக்கிறது. நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனத்து இயந்திரத்தைப் பாருங்கள். உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு 50,000 என்ற கணக்கில் லேசரால் தாக்கி, 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியை உண்டாக்கி, அதைக்கொண்டு சிப்பில் சுற்றுகளைப் பதிக்கிறது. விற்பனைக்கு இதைச் செய்துதருபவர் உலகில் வேறு யாருமில்லை. அதன் ஆடிகள் ஜெர்மனியின் சைஸ் (Zeiss) நிறுவனத்திலிருந்து. ஒளிமூலம் அமெரிக்காவின் சான் டியேகோவில் வளர்ந்த நுட்பம். அமெரிக்கா அழுத்தியது, நெதர்லாந்து அரசு ஏற்றுமதி உரிமம் தரவில்லை, சீனாவுக்கு அந்த இயந்திரம் விற்கப்படவே இல்லை. பொருள் ஓர் ஊரில், குடுமி இன்னொருவர் கையில். ஆகவே ‘பிடிமுனை’.

> பிடி என்றால் கைப்பிடி என்று எண்ணிவிட மாட்டார்களா?

தனியே நின்றால் எண்ணலாம். வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்.

“ஹோர்முஸ் நீரிணை எண்ணெய்க்குப் பிடிமுனை.”

“சிப் செய்யப் பயன்படும் காலியம், ஜெர்மேனியம் ஏற்றுமதிக்கு 2023 ஆகஸ்டில் உரிமத்தைக் கட்டாயமாக்கிச் சீனா தன் பிடிமுனையைப் பயன்படுத்தியது.”

இரண்டிலும் மயக்கம் இல்லை. பிடிமுனை அரசியல், பிடிமுனைச் சார்பு என்று மேலும் கிளைக்கவும் இடமிருக்கிறது.

எனக்கு இன்னும் பிடிபடாதது செங்கடல். 2024 தொடக்கத்தில் அங்கே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான இணையப் போக்குவரத்தைச் சுற்றுவழியில் திருப்ப வேண்டியதாயிற்று. எந்த அரசும் ஆணையிட்டு நிறுத்தவில்லை. குறுகிய கடலில் கேபிள்கள் நெருங்கிக் கிடப்பதால் வந்த வினை. ஆங்கிலத்தில் இதையும் சோக்பாயின்ட் என்றே எழுதுகிறார்கள். நாம் ‘இடுக்குமுனை’ என்று பிரித்துவிடலாமா? கடல்வழி, கேபிள் துறைகளை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.