அலாஸ்கா தண்ட்ராவில் பறவைக்கூடு தேடும் வேலை: கண் கூர்மை இல்லாதவன் போகலாமா?

சேற்றுக்கால்:
எல்லாருக்கும் வணக்கம். காட்டுயிரியல் முதுகலை முடிச்சிட்டு அமெரிக்காவுல இருக்கேன். வர்ற ஜூன், ஜூலையில அலாஸ்காவோட வட கரையில, கேனிங் ஆறு கடல்ல சேருற பக்கம், கரைப்பறவைக் கூடுகளைக் கண்டுபிடிச்சுக் கண்காணிக்கிற தற்காலிக வேலை கிடைச்சிருக்கு. டென்ட்லதான் தங்கணும். சாலை கிடையாது, சின்ன விமானத்துல கொண்டுபோய் விடுவாங்க. அம்மாவுக்குக் கரடி பயம். எனக்குப் பயம் வேற. கோடியக்கரையில உள்ளான் கூட்டத்தைப் பார்த்தா எது எதுன்னே பிரிக்கத் தெரியாம முழிச்சவன் நான். புல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற கூட்டை எப்படிக் கண்டுபிடிப்பேன்? போய் வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

வேதாரண்யத்தான்:
நான் அந்தப் பக்கம் போனதில்லை தம்பி. ஆனா கோடியக்கரையில நீங்க பார்த்து முழிச்ச கொசு உள்ளான் முட்டையிடப் போறதும் ஆர்க்டிக்குக்குத்தான், பெரும்பாலும் சைபீரியப் பக்கம். குளிர்காலச் சாம்பல் நிறத்துல எல்லாம் ஒண்ணுபோலத்தான் தெரியும். அங்க கல்யாணச் சட்டை போட்டிருக்கும், அடையாளம் பிரிக்கறது சுலபம். போயிட்டு வாங்க.

ரப்பர்பூட்ஸ்:
அதே கடற்கரைச் சமவெளியில, வேற முகாம்ல 2 சீசன் வேலை பார்த்தேன். என் கண்ணாடி மைனஸ் 6. அதனால கண்ணைப் பத்தின கவலையை விடுங்க. கூடு இருக்கிற இடத்தைப் பறவைதான் காட்டும்.

ஒரு வழி கயிறு. 2 பேர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடிச்சு, நீளக் கயிறைப் புல்மேல இழுத்துக்கிட்டே நடப்பாங்க. மேல உரசினதும் அடைகாக்கிற பறவை எழும்பும். எந்த இடத்துலேர்ந்து எழும்புச்சுன்னு பார்க்கிறதுதான் பின்னாடி வர்றவர் வேலை.

மத்தபடி தனியா நடக்கணும். திடீர்னு ஒண்ணு காலடியிலேர்ந்து கிளம்பி, முதுகை வளைச்சு எலி மாதிரி ஓடும். நரியை ஏமாத்த அது கத்து வச்சிருக்கிற வித்தை, நாமளும் ஏமாறுவோம். முதல் வாரம் நான் அங்கேயே மண்டி போட்டு முக்கால் மணி நேரம் தேடினேன். கூடு கிடைக்கலை. அத்தனை நேரமும் முட்டை குளிர்ல கிடந்தது. எங்க டீம் லீடர் வந்து, "எழுந்து போய்த் தூரமா உட்காரு"ன்னு மட்டும் சொன்னாங்க. 50 மீட்டர் தள்ளி ஒரு மேட்டுக்குப் பின்னால பைனாகுலரோட உட்கார்ந்தேன். இரை பொறுக்கற மாதிரி பாசாங்கு பண்ணிக்கிட்டே அது வந்துச்சு, ஒரு இடத்துல நின்னுச்சு, உடம்பை ஆட்டிப் படிஞ்சு உட்கார்ந்துச்சு. அந்த இடத்துல ஒரு வெள்ளைப் பாசியை அடையாளம் வச்சுக்கிட்டு, கண்ணை எடுக்காம நேரா நடந்தேன். நாலு முட்டை, கூர்முனை எல்லாம் உள்பக்கம் பார்த்து. அம்மா பறவையே சுமார் 25 கிராம்தான், தென் அமெரிக்கக் கரையிலேர்ந்து பறந்து வந்தது.

அப்புறம்தான் நிஜமான வேலை. முட்டையைத் தண்ணி நிரப்பின சின்னக் கப்புல போட்டுப் பார்ப்போம். புதுசுன்னா அடியில படுத்துக் கிடக்கும். நாள் ஆக ஆகச் சாய்ஞ்சு எழும்பி நிக்கும், கடைசியில மிதக்கும். அதை வச்சுப் பொரியற தேதியைக் கணிக்கணும். இதுல சோம்பேறித்தனம் பண்ணாதீங்க. குஞ்சுகள் பொரிஞ்சு உலர்ந்ததும் ஒரு நாளைக்குள்ள நடந்து போயிடும். நீங்க போகும்போது குழி காலியா இருக்கும். நரி தின்னாலும் காலிதான். தேதி தெரிஞ்சாதான் ஒரு முடிவுக்கு வர முடியும். கூட்டுக்குள்ள இலைக்கு அடியில கடுகு மாதிரி ஓட்டுத் துணுக்கு கிடந்தா பொரிஞ்சிருக்குன்னு எழுதலாம். எதுவுமே இல்லைன்னா "தெரியலை"ன்னு எழுதுங்க. பாவப்பட்டு "பொரிஞ்சிருக்கும்"னு எழுதத் தோணும். ரெண்டாவது வருஷம் லெமிங் எலி குறைவு, நரிக்கு வேற இரை இல்லை. ஒரே நாள்ல என்னோட 5 கூடு வரிசையா காலி. ஒண்ணுலயும் துணுக்கு இல்லை, பொரியற தேதிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருந்துச்சு. நோட்டுல எழுதவே கை வரலை, ஆனா எழுதினேன்.

கரடி வந்தா என்ன பண்ணணும்னு உங்களுக்குப் பயிற்சி தருவாங்க, சாப்பாட்டை டென்ட்டுல வைக்காதீங்க, அவ்வளவுதான். அம்மாகிட்ட கொசுவைப் பத்திச் சொல்லாதீங்க.

சேற்றுக்கால்:
ரொம்ப நன்றி அக்கா. சூரியன் மறையாதுன்னு சொல்றாங்களே, தூக்கம் எப்படி வரும்? வேற என்ன எடுத்துட்டுப் போகணும்?

ரப்பர்பூட்ஸ்:
கண்ணை மறைக்க ஒரு துணி போதும். பகல் முழுக்கத் தண்ணியில நடந்தா தானா தூக்கம் வரும். கீழ நிலம் உறைஞ்சிருக்கறதால உருகின தண்ணி இறங்க வழியில்லை, சமவெளி முழுக்கக் குட்டைதான். இடுப்பு வரைக்கும் வர்ற பூட்ஸை வாங்கி இப்பவே போட்டு நடந்து பழகுங்க. கம்பளி சாக்ஸ் எத்தனை இருந்தாலும் பத்தாது.

நீங்களும் கண்ணாடி போடறவரா இருந்தா ரெண்டாவது ஜோடி கண்டிப்பா வேணும். என்னோட முதல் ஜோடி அங்க ஏதோ ஒரு குட்டையில இன்னும் கிடக்கு.