மகளுக்கு மெரிட் உதவித்தொகை கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு?

எடிசன்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற குடும்பம். மகள் பதினோராம் வகுப்பை முடிக்கப் போகிறாள். ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) 3.96, எஸ்.ஏ.டி. என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வில் 1600-க்கு 1550; பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வுகளான ஏ.பி. ஏழில் ஆறில் உச்ச மதிப்பெண்ணான 5 வாங்கியிருக்கிறாள். பள்ளி ரோபாட்டிக்ஸ் குழுவில் நிரல் எழுதும் பொறுப்பு அவளுடையது. சிறுவயதிலிருந்து வீணையும் கற்கிறாள். கணினி அறிவியல் படிக்க விரும்புகிறாள்.

எங்கள் இருவரின் ஆண்டு வருமானம் 2,70,000 டாலரை ஒட்டி வருவதால், வருமானம் பார்த்துத் தரும் உதவியை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இளையவனும் வளர்ந்துவரும் நிலையில், ஆண்டுக்கு 90,000 டாலர் வீதம் நான்கு ஆண்டுகள் கட்டுவது எங்களால் ஆகாத காரியம். கார்னெல், பிரின்ஸ்டன், பென்சில்வேனியா ஆகியவற்றில் பாதிக் கட்டணமாவது மெரிட் உதவித்தொகையாக, அதாவது வருமானம் பாராமல் திறமைக்காக, கிடைக்குமா? நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குத் தேடி வந்து கொடுப்பார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

மேசைக்கு அப்பால்

ஐயா, ஒரு பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்தில் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் குறிப்பிட்ட மூன்றும் ஐவி லீக் எனப்படும் எட்டுப் புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவை. அந்த எட்டுப் பல்கலைக்கழகங்களில் எதுவும் மெரிட் அடிப்படையில் ஒரு டாலரும் தருவதில்லை. எம்.ஐ.டி.யும் கால்டெக்கும் அப்படியே. உங்கள் மகளைப் போன்றவர்களே அங்கு வரிசையில் நிற்கும்போது, பணம் கொடுத்து யாரையும் அழைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. நாம் பரிசு என்று கருதுவது கல்லூரியின் கணக்கில் ஒரு தள்ளுபடி. வேறு பெயர் பெற்ற இடத்துக்குப் போய்விடக்கூடிய மாணவியைத் தன் பக்கம் திருப்ப விரும்பும் கல்லூரிதான் அதைத் தரும். ஆகவே வாய்ப்பு எவ்வளவு என்பதை அவளுடைய மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எங்கெங்கு விண்ணப்பிக்கிறாள் என்பதே பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கும்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் ‘காமன் டேட்டா செட்’ என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. அதில் எச்2 பிரிவின் முதல் வரி முழுநேர முதலாண்டு மாணவர்களின் எண்ணிக்கையையும், மூன்றாவது வரி அவர்களுள் நிதித் தேவை உள்ளவர்கள் எனக் கண்டறியப்பட்டோரின் எண்ணிக்கையையும் தரும். முதலாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் உங்களைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகளின் தொகை ஏறத்தாழக் கிடைக்கும். அடுத்துள்ள எச்2ஏ பிரிவு, தேவை இல்லாதிருந்தும் கல்லூரியின் பணத்தைப் பெற்றவர்கள் எத்தனை பேர், சராசரியாக எவ்வளவு பெற்றார்கள் என்று சொல்லும். இப்படிப் பெற்றவர்களின் எண்ணிக்கையை, முன்பு கழித்து வந்த தொகையால் வகுத்துப் பாருங்கள். சில கல்லூரிகளில் விடை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்; கேஸ் வெஸ்டர்ன், ரோசெஸ்டர் போன்றவற்றில் நிலைமை முற்றிலும் வேறு.

வடகரோலினாப் பல்கலைக்கழகத்தின் மோர்ஹெட்–கெய்ன், வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் ஜெஃபர்சன் போன்ற முழுச்செலவு உதவித்தொகைகளும் உண்டு. அங்கே மதிப்பெண் வாசலைத் திறக்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் நேர்காணலும் தலைமைப் பண்பும் பார்ப்பார்கள். விண்ணப்பிக்கலாம், ஆனால் குடும்பத்தின் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

இன்னொன்று: வருமானம் பார்த்துத் தரும் உதவியை முயலாமலே கைவிட்டுவிடாதீர்கள். 2,50,000 டாலர் வரை வருமானமுள்ள பெரும்பாலான குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்று பிரின்ஸ்டன் 2025-இல் அறிவித்தது. உங்கள் வருமானம் அந்த எல்லையிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. 2011 முதல் ஏறத்தாழ எல்லாக் கல்லூரிகளின் தளத்திலும் நிகரச் செலவுக் கணிப்பான் (உதவி போக உங்கள் குடும்பம் கட்ட வேண்டியதை மதிப்பிடும் கருவி) இருந்தாக வேண்டும். ஒரு மாலைப்பொழுதில் உட்கார்ந்து மூன்றுக்கும் போட்டுப் பாருங்கள்.

டல்லாஸ் அம்மா

எஸ்.ஏ.டி.க்கு முன்னோடியான பி.எஸ்.ஏ.டி. தேர்வு பற்றி யாரும் சொல்லவில்லையே. பதினோராம் வகுப்பு அக்டோபரில் எழுதிய அந்தத் தேர்வுதான் நேஷனல் மெரிட் என்ற அமைப்பு நடத்தும் நாடளாவிய உதவித்தொகைப் போட்டிக்கான வாசல். மாநிலத்துக்கு மாநிலம் கட்-ஆஃப் மாறும். நியூ ஜெர்சியின் கட்-ஆஃப் நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று என்பது உங்கள் மகளின் துரதிர்ஷ்டம். அரையிறுதிப் பட்டியல் செப்டம்பரில் வரும். அவள் இறுதிநிலைக்குத் தேறினால் அந்த அமைப்பு தரும் 2,500 டாலர் சிறிய தொகைதான். அதை வைத்துக் கல்லூரிகள் தருவதே பெரிது. அலபாமாவும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகமும் இதில் பெயர் பெற்றவை. அப்படிப்பட்ட கல்லூரியையே முதல் விருப்பமாக நேஷனல் மெரிட் தளத்தில் குறிப்பிட வேண்டும். கல்லூரிக்கு மட்டும் சொன்னால் போதாது.

டெக்சாஸில் ஒரு சலுகையும் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகம் போட்டி அடிப்படையில் 1,000 டாலராவது உதவித்தொகை கொடுத்தால், வெளிமாநில மாணவரிடம் உள்மாநிலக் கட்டணமே வாங்க விதி இடம் தருகிறது. என் மகன் டல்லாஸில் சேர்ந்தபோது, “அவ்வளவு மதிப்பெண் வாங்கிவிட்டு அங்கேயா?” என்று கேட்காத உறவினர் இல்லை. கட்டணத்தைக் கட்ட அவர்களில் யாரும் முன்வரவில்லை.

பழைய பொறியாளன்

கல்லூரி அனுப்பும் உதவித்தொகைக் கடிதத்தின் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். உதவித்தொகை நான்கு ஆண்டும் தொடருமா, அதற்குக் கல்லூரியில் எவ்வளவு ஜி.பி.ஏ. வைத்திருக்க வேண்டும் என்பவை முக்கியம். 3.0 எளிது, கணினி அறிவியலில் முதல் இரண்டு பருவங்களில் 3.5 வைத்திருப்பது எல்லாருக்கும் முடிவதில்லை. ஆண்டுக்கு இத்தனை டாலர் என்று நிலையாகத் தரும் தொகை, கட்டணம் ஏற ஏறத் தேய்ந்துகொண்டே போகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தேதியும் முக்கியம். யூ.எஸ்.சி.யில் (தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம்) மெரிட் உதவித்தொகைக்குப் பரிசீலிக்கப்பட வேண்டுமானால் பொதுவாக நவம்பர் 1-க்குள் விண்ணப்பம் போக வேண்டும். பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு டிசம்பர் 1.

எடிசன்வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. பிரின்ஸ்டனை வைத்துக்கொண்டு, கார்னெலை விடுத்து, எச்2ஏ பார்த்து ஆறு கல்லூரிகளைச் சேர்க்கலாம் என்று மகளும் நானும் பேசியிருக்கிறோம். ஒரே ஒரு ஐயம்: ஓரிடத்தில் கிடைத்த உதவித்தொகையைக் காட்டி இன்னோரிடத்தில் கூட்டிக் கேட்கலாமா?

மேசைக்கு அப்பால்

தனியார் கல்லூரிகள் சிலவற்றில் கேட்கலாம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் பயன் இராது. மே 1-க்குள் முடிவைச் சொல்ல வேண்டியிருப்பதால், ஏப்ரல் முதல் வாரத்திலேயே, ஒப்பிடத்தக்க கல்லூரியின் கடிதத்தை இணைத்து, இவ்வளவு வித்தியாசம் குறைந்தால் சேர உறுதியளிக்கிறோம் என்று பணிவாக எழுதுங்கள். கடிதத்தை மகளே எழுதட்டும்.