விவாதம்: பென்ஷனை எத்தனை முறை திருத்தினாலும் ஏன் போதவில்லை?

அம்பத்தூர் பாலா:
அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். 2012-ல் 58 வயது முடிந்து வெளியே வந்தார். இபிஎஸ், அதாவது பிஎஃப்-ஓடு சேர்ந்து வரும் தொழிலாளர் பென்ஷன் திட்டத்தில், மாதம் 1,580 ரூபாய். இன்றைக்கும் அதே 1,580. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை வாங்கினால் தீர்ந்தது. 1995-ல் இந்தத் திட்டம் வந்ததே தனியார் தொழிலாளிக்கும் மாதாமாதம் பென்ஷன் வேண்டும் என்றுதான். விலைவாசியோடு ஏறாத பென்ஷன் வருடா வருடம் தேய்கிறது. 2014-ல் குறைந்தபட்சம் 1,000 என்று வைத்தார்கள், அதோடு சரி.

மயிலை கணக்கர்:
ஆதங்கம் புரிகிறது தம்பி. ஆனால் போட்டதற்குத் தக்கபடிதானே வரும்? பென்ஷன் கணக்குக்கு எடுத்துக்கொண்ட அன்றைய சம்பள உச்சவரம்பு 6,500. அதில் 8.33 சதவீதம் என்றால் மாதம் 541 ரூபாய்தான் பென்ஷன் கணக்குக்குப் போயிருக்கும். அப்புறம் இன்னொன்று. கம்பெனிகளுக்கு பிஎஃப் வேலை பார்ப்பவன் நான். வேலை மாறும்போதெல்லாம், பென்ஷன் பணத்தைத் திரும்பக் கேட்கும் 10சி படிவம் கொடுத்து பென்ஷன் பணத்தையும் எடுத்துவிடுகிறார்கள். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். 58-ல் வந்து நின்றால் அது எங்கே இருக்கும்? சேமிக்கும் பழக்கம் வராமல் எந்தத் திட்டமும் தேறாது.

அம்பத்தூர் பாலா:
யார் சார் ஆசைப்பட்டு எடுக்கிறார்கள்? என் கூட வேலை பார்த்தவரை காண்ட்ராக்டர் ஏழு வருடத்தில் மூன்று கம்பெனி பெயரில் காட்டினார். நடுவில் இரண்டு மாதம் வேலை இல்லை. வீட்டு வாடகைக்காகத்தான் 10சி போட்டார். வேலை அறுபடாமல், சம்பளம் தவறாமல் வருகிறவரை மனதில் வைத்துப் போட்ட சட்டம் இது. நம் ஊரில் அப்படி எத்தனை பேர்?

மணலி டீச்சர்:
நிரந்தர வேலை இருந்தவர்களுக்கு மட்டும் என்ன கிடைத்தது? தமிழ்நாட்டில் 1.4.2003 முதல் அரசுப் பணியில் சேர்ந்தவர்களைப் பங்களிப்புப் பென்ஷன் திட்டத்தில் போட்டார்கள். மாதம் 10 சதவீதம் பிடித்தம். என்னோடு வேலை பார்த்த அக்கா ஓய்வு பெற்றபோது மொத்தமாக ஒரு தொகை வந்தது, மாதப் பென்ஷன் இல்லை. அந்தப் பணம் மகன் வாங்கிய கடனுக்குப் போய்விட்டது. மாதாமாதம் வந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மயிலை கணக்கர்:
அதை ஒப்புக்கொள்கிறேன் மேடம், கையில் மொத்தமாகக் கொடுத்தால் பென்ஷன் ஆகாது. ஆனால் பழைய திட்டத்தில் முழுச் செலவும் அரசின் தலையில். அந்தச் சுமையைக் குறைக்கத்தான் மத்திய அரசும் 2004-ல் மாற்றியது. அமைப்புசாரா தொழிலாளிக்கு அடல் பென்ஷன் திட்டம் இருக்கிறதே? 30 வயதில் சேர்ந்து மாதம் 577 கட்டினால் 60-லிருந்து மாதம் 5,000 உறுதி.

அம்பத்தூர் பாலா:
30 வருடம் கழித்து வரும் 5,000 சார். விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினாலே, அது இன்றைய 1,160 ரூபாய்க்குத்தான் சமம். அப்பா கதையேதான். சுமையைக் குறைத்தார்கள் என்கிறீர்கள். அது எங்கே போனது? என் தோளுக்கு வந்திருக்கிறது. பென்ஷன் நிற்காமலிருக்க வருடா வருடம் கொடுக்கும் வாழ்வுச் சான்றுக்குப் போனால் அதுவும் சிக்கல். அப்பாவுக்கு லேத்தில் தேய்ந்த விரல், ரேகை விழவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மயிலை கணக்கர்:
தம்பி, அதற்கு அலைய வேண்டாம். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே எடுக்கலாம், வீட்டிலிருந்தே. பிபிஓ நம்பர் (பென்ஷன் ஆணையில் இருக்கும் எண்), ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் எடுத்து வையுங்கள், எப்படி என்று சொல்கிறேன்.