மறு: லக் நட் – ‘பொருந்தாச் சுரை’, ‘ஒவ்வாச் சுரை’ இரண்டும் வேண்டும்

அன்பின் நண்பர்களுக்கு,

சில்லை (சக்கரத்தை) இறுக்குகிற லக் நட்டுக்கும், ரிம்முக்குப் பிழையான லக் நட்டுக்கும் தமிழ்ச் சொல் தேடுகிற இந்த இழையைக் கடந்த வாரம் முழுக்க வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், பதில் எழுத இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன், அதனால் இங்கே ரயர் கடையிலும் கராச்சிலும் புழங்குகிற சொற்களும் நடுவில் வரும்.

முதலில் லக் நட். ‘சக்கர மரை’ என்று ஒருவர் சொன்னார். தமிழ்நாட்டில் மரை என்றால் நட்டும் அதுதான், அதற்குள் ஓடுகிற புரியும் அதுதான். மற்ற இடங்களில் அது பரவாயில்லை, இங்கே சரிவராது. ஏனென்றால் நாம் பேசுகிற ஆபத்தே புரி சரியாக இருந்து நட்டு பிழையாக இருப்பதுதான். ‘மரை சரியாக இருக்கிறது’ என்று எழுதினால் வாசிப்பவர் எதை விளங்கிக்கொள்வார்? எங்கள் பக்கத்துப் பாடநூல்களில் நட்டுக்குச் சுரை என்ற சொல் இருக்கிறது, சுரைக்கு உட்டுளை என்ற பொருளும் பழையதுதான். சில்லு என்பது இங்கே எல்லாரும் சொல்கிற சொல். ஆகவே சில்லுச் சுரை, உள்ளே ஓடுவது புரி. இதில் பெரிய சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.

சண்டை, பிழையான நட்டுக்கு இங்கே முன்பு வந்த ‘பொருந்தாச் சுரை’யில்தான். எனக்கு நடந்ததைச் சொன்னால் ஏன் என்று விளங்கும்.

என்னுடையது ஹொண்டா ஃபிட், ஒரு சில்லுக்கு நாலு நட்டு. ரயர் மாற்றக் கொடுத்த இடத்தில் இரண்டு நட்டு எங்கேயோ உருண்டு போய்விட்டது. அந்தப் பொடியன் பழைய பால்மா டின் ஒன்றைக் கவிழ்த்து, அதிலிருந்து இரண்டைப் பொறுக்கி எயர் கன்னால் இறுக்கிவிட்டான். அவை டொயோட்டா இரும்பு ரிம்முக்கு வருகிற நட்டு. ஹொண்டாவுக்கும் டொயோட்டாவுக்கும் புரி ஒன்றுதான், 12 மில்லிமீட்டர், புரியிடை (ஒரு புரிக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம்) 1.5. கையால் சுற்றினாலே வழுவழுவென்று ஏறும். நானும் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கும் எதுவும் தெரியவில்லை.

இரண்டாம் நாள் கல்முனைக்குப் போகும்போது களுவாஞ்சிக்குடி தாண்டியதும் ஸ்டியரிங் மெல்ல உதறத் தொடங்கியது. காற்று குறைவு என்று நினைத்தேன். பெரியநீலாவணையில் நிறுத்தி, டிக்கியில் கிடந்த ஸ்பானரைப் போட்டால் இரண்டு நட்டில் ஏறுகிறது, மற்ற இரண்டில் ஏறவேயில்லை. ஹொண்டா நட்டின் தலை 19 மில்லிமீட்டர், அந்த இரண்டும் 21. அங்கேதான் வயிற்றைக் கலக்கியது. சாய்ந்தமருதில் இருந்து தெரிந்த மெக்கானிக் காக்கா (அண்ணன்) ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து கழற்றிக் காட்டினார். அந்த இரண்டு நட்டின் கூம்பிலும் மயிரிழை அகலத்தில் ஒரு பளபளப்பான வளையம், அவ்வளவு இடம்தான் ரிம்மில் பட்டிருக்கிறது. ரிம்மின் ஓட்டையில் அதே அளவுக்கு அலுமினியம் நசுங்கி, சுற்றிவரக் கறுப்புத் தூள். சரியான நட்டைக் கழற்றினால் அதன் உருண்டை முகம் முழுவதும் ஒரே சீராகப் பட்ட அடையாளம். இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்துவிட்டு அவர் சொன்னார்: “இந்த நட்டு இறுகும் மனே, குந்தாது.”

நாம் இத்தனை நாள் தேடின சொல் அதுதான். நட்டின் எந்த முகம் ரிம்மின் குழியில் போய் அமர்கிறதோ, அதற்குக் குந்துமுகம் என்று பெயர் வைப்போம். ‘சுரையிருக்கை’ என்று முன்பு வந்த யோசனையை நான் ஏற்காததற்குக் காரணம், இருக்கை, ஆசனம் இரண்டும் வாகனத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிற சொற்கள். வாசிப்பவரின் கண் உடனே சாரதி இருக்கைக்குத்தான் போகும். குந்து கொச்சை என்று சிலர் சொல்லக்கூடும். விறாந்தைக் குந்தில் இருந்து வளர்ந்த எனக்கு அதில் கொச்சை எதுவும் தெரியவில்லை. 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு, சாய்ந்தமருதுக்கு அடுத்த ஊர். அந்த மண்ணில் ஒரு கராச்சுக்காரர் வாயில் கிடந்த சொல்லை நாம் எடுத்துக்கொள்வதில் என்ன குறை?

இனி ஏன் ‘பொருந்தாச் சுரை’ போதாது என்றால், என் நட்டு பொருந்தியது. பொருந்தினதுதான் பிரச்சினை. ஒவ்வாத சாப்பாடு வாயில் ருசியாகத்தானே இருக்கும், உடம்பு பிறகுதான் காட்டும். இதுவும் அப்படி, ஆகவே ஒவ்வாச் சுரை. பொருந்தாச் சுரையையும் தூக்கிப்போட வேண்டாம், அதற்கும் இடம் இருக்கிறது: சுசுகி வாகன்ஆரில் நட்டு ஏறுகிற ஆணியின், அதாவது ஸ்டட்டின், புரியிடை 1.25, அதில் இந்த 1.5 நட்டைப் போட்டால் ஓரிரு சுற்றில் இறுகி நின்றுவிடும். கையால் சுற்றுகிற ஆளுக்கு உடனே தெரியும். எயர் கன்னால் தள்ளினால் புரி அழியும். புரி பிழைத்தால் பொருந்தாச் சுரை, முகம் பிழைத்தால் ஒவ்வாச் சுரை. முதலாவது அங்கேயே காட்டிக்கொடுக்கும், இரண்டாவது நாற்பது கிலோமீட்டர் கூடவே வரும்.

விளக்கக் குறிப்பில் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். சில்லைத் தாங்குவது ஸ்டட் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நட்டை இறுக்கும்போது ஸ்டட் ஒரு ஸ்பிரிங் போலச் சற்று இழுபட்டு ரிம்மை ஹப்போடு (ரிம் மாட்டுகிற நடுப்பாகத்தோடு) அழுத்திப் பிடிக்கிறது, பாரத்தைத் தாங்குவது ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையிலான உராய்வு. குந்துமுகம் ஒவ்வாவிட்டால் அந்த மெல்லிய வளையத்தில் அலுமினியம் நசுங்க நசுங்க அழுத்தம் குறைகிறது, ரிம் அசைய இடம் கிடைக்கிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட் வளைந்து நிமிர்கிறது. சிறிய காரின் சில்லு ஒரு கிலோமீட்டருக்கு 500 தடவைக்கு மேல் சுற்றும், கல்முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் 20,000 தடவை. கம்பியை வளைத்து வளைத்து முறிக்கிற மாதிரித்தான், ஒரு ஸ்டட் போனால் மற்றவற்றின் மேல் பாரம் கூடும், அப்புறம் சில்லு கழன்று தனியே ஓடும். அதோடு, முறுக்குவிசை பார்க்கிற ஸ்பானரில் ஃபிட்டுக்கு உரிய 108 நியூட்டன் மீட்டர் காட்டினாலும், ஒவ்வாச் சுரையில் அந்த எண்ணை நம்ப முடியாது. முகத்தின் உராய்வு மாறினால் அதே எண்ணுக்கு ஸ்டட் இழுபடுகிற அளவும் மாறும்.

வகைகளுக்கு என் யோசனை: ஹொண்டாவுக்கு உருண்டைக் குந்துமுகம். டொயோட்டா போன்றவற்றின் இரும்பு ரிம்முக்கும் வெளியில் தனியாக வாங்குகிற அநேகமான அலோய் ரிம்முக்கும் கூம்புக் குந்துமுகம், அது 60 பாகை. டொயோட்டாவின் பல அலோய் ரிம்முக்கு வாசரோடு வருகிறதே, அது தட்டைக் குந்துமுகம்.

கடைசியில் சொன்னதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. போன ஞாயிறு காக்காவிடம் போனேன். பழைய நட்டுகளைப் பிரித்துப்போட மூன்று டின் வைத்து, என்னிடமே கேட்டு உருண்டை, கூம்பு, தட்டை என்று எழுதி ஒட்டியிருந்தார். இந்த முறை பார்த்தால் ‘தட்டை’யை வெட்டிவிட்டு மேலே ‘வாசர்’ என்று எழுதியிருக்கிறார். கேட்டால், பொடியன்களுக்குத் தட்டை என்றால் விளங்குதில்லையாம், வாசர் என்றால் கை தானாக அந்த டின்னுக்குப் போகுதாம். வாசர்க் குந்துமுகம் என்று வைக்கலாமா? நான் அவர் பக்கம்தான். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள், பார்ப்போம்.