புதுப்பிப்பு: அம்மாவோடு கால்வாய்ப் படகில் போய் வந்தாச்சு

இங்கிலாந்தில் கென்னட் அண்ட் ஏவன் கால்வாயில் 4 நாள் படகுப் பயணம், நடக்க முடியாத அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுக்க வழி சொல்லுங்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

"நேரோபோட் வேண்டாம்" என்றவர்களுக்குக் கோடி நன்றி. அந்த ஒடுக்கமான கால்வாய்ப் படகின் மொத்த அகலமே 7 அடிக்குள்தான்; உள்ளே நாற்காலியைத் திருப்பவே முடியாது. இந்தக் கால்வாயின் லாக்குகள் (தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும், கதவு வைத்த தொட்டிகள்) சுமார் 14 அடி அகலம் என்பதால் அகலப் படகு போகும். லிஃப்ட் வைத்த ஒன்றை எடுத்தோம்.

நாற்காலியில்தான் சொதப்பினேன். கடைக்காரர் சீட் 46 செ.மீ. என்றார், தலையாட்டிவிட்டேன். சக்கரத்தோடு 66! படகின் கழிவறைக் கதவில் இடித்து நின்றது. மறுநாளே ஓடிப்போய், சின்னச் சக்கரத்தோடு பின்னாலிருந்து தள்ளும் வகைக்கு மாற்றினேன். எடுப்பவர்கள் சக்கரத்தின் வெளி ஓரம் வரை டேப் வைத்து அளந்துவிடுங்கள். படகுக்காரரிடம் கதவு அளவையும் கேட்டு வாங்குங்கள்.

கரைப் பாதை மழையில் சேறு. இரண்டு பேர் தள்ளியும் நகரவில்லை. அம்மா அதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. லாக்கில் தண்ணீர் ஏற ஏறப் படகும் மேலே வருவதைப் பார்த்து, "நம்மூர் மதகு மாதிரிதான்டா, ஆனா ஆளையும் சேத்துத் தூக்குது" என்றார்.

முன்பணம் நேற்று திரும்பி வந்தது, சேறு கழுவிய கூலி போக.