87.7இல் இரைச்சல்: ஜப்பான் டியூனர் வாங்கலாமா?

கேள்வி
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 87.7இல் வரும் லோட்டஸ் எஃப்எம் வானொலி கேட்காமல் பொழுது விடியாது. 1983இல் ரேடியோ லோட்டஸாகத் தொடங்கிய காலத்திலிருந்து கேட்கிறார். வீட்டு டியூனரில் (ரேடியோ வாங்கும் பெட்டி) பாட்டுக்குப் பின்னால் 'உஸ்' என்று இரைகிறது. 'ச' வரும் இடமெல்லாம் கரகரப்பு. காரில் தெளிவாக இருப்பதால் நிலையத்தின் குறையில்லை. பழைய சாமான் கடையில் ஜப்பானிலிருந்து வந்த டியூனர் பார்த்தேன். முகப்பில் 76 முதல் 90 வரை எண்கள். வாங்கலாமா?

பதில்
வேண்டாம் தம்பி. அது ஜப்பான் அலைவரிசைக்குச் செய்தது. 87.7 கிடைக்கும், இன்னொரு நிலையமான ஹிந்த்வாணி 91.5 கிடைக்காது. அதோடு 100 வோல்ட் பெட்டி. நம் 230இல் நேரே செருகினால் கருகிவிடும். சரி, ஆன்டெனா என்ன? மோனோவில் (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி) போட்டால் இரைச்சல் அடங்குகிறதா?

கேட்டவர்
பின்னால் ஒரு ஒற்றை வயர் தொங்குகிறது அண்ணா. மோனோவில் இரைச்சல் அடங்கியது. கரகரப்பு போகவில்லை.

பதில்
அப்படியானால் இரண்டு கோளாறு. இரைச்சல், சிக்னல் குறைவதால். ஸ்டீரியோவுக்கு மோனோவைவிட நிறைய சிக்னல் வேண்டும். கரகரப்பு, மேட்டிலும் கட்டடத்திலும் மோதித் திரும்பும் அலை நேரே வரும் அலையோடு கலப்பதால். எவ்வளவு விலை கொடுத்து டியூனர் வாங்கினாலும் அந்த ஒற்றை வயரோடு இது தீராது. டி வடிவ ரிப்பன் ஆன்டெனா மலிவுதான். 87.7க்கு அந்த டியின் ஒவ்வொரு கையும் சுமார் 80 செ.மீ. வேண்டும். அந்தக் கைகளை நன்றாக விரித்து ஜன்னலோரம் ஒட்டுங்கள். வயரின் முனை காட்டும் திசையில் அது சரியாக வாங்காது, அதனால் மெல்லத் திருப்பித் திருப்பிக் கேளுங்கள். நிமிர்த்தியும் பாருங்கள்.

இன்னொருவர்
வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? என் வீட்டில் இரைச்சலுக்குப் பாதிக் காரணம் அதுவும் ஒரு எல்இடி பல்பும்தான். பேட்டரி ரேடியோவைக் கையில் பிடித்து அறை அறையாக நடந்தால் எது கத்துகிறது என்று தெரிந்துவிடும்.

கேட்டவர்
ரிப்பனை அம்மா அறை ஜன்னலில் ஒட்டினேன். கால் சுற்று திருப்பியதும் கரகரப்பு சட்டென்று போய்விட்டது! சமையலறை பல்பையும் மாற்றினேன். ஸ்டீரியோவில் லேசான இரைச்சல் மட்டும் மிச்சம். இனி டியூனர் மாற்றலாமா?

பதில்
மாற்றலாம். யமஹா, டெக்னிக்ஸ், கென்வுட் செகண்ட் ஹேண்டில் பாருங்கள். 108 வரை போக வேண்டும், 230 வோல்ட், ஆன்டெனா வயர் செருக 75 ஓம் கோஆக்ஸ் துளை, மோனோ பட்டன், சிக்னல் மீட்டர். அமெரிக்கப் பெட்டியானால் ஒலி கொஞ்சம் மங்கும். அங்கே டீ-எம்ஃபசிஸ் (கீச்சொலியைப் பெட்டி குறைக்கும் அளவு) 75 மைக்ரோ செகண்ட், நமக்கு 50. கடைக்குப் போகும்போது அந்த ரிப்பனைக் கையோடு எடுத்துப் போங்கள். அங்கேயே 87.7 வைத்து, 'ச' வரும் பாட்டு ஒன்று முழுதாகக் கேட்ட பிறகு பணம் கொடுங்கள்.