‘பெரிய வீடு’ குரூப்பில் ஜோ பர்ரோ பேச்சு

கார்த்தி: ஒரு சந்தேகம். அமெரிக்கன் ஃபுட்பால்ல ஜோ பர்ரோ ஒரு குவாட்டர்பேக், பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தற ஆள். ஓஹாயோ ஸ்டேட் காலேஜ்ல இருந்த காலம் மொத்தமும் சேர்த்து 39 பாஸ்தான் போட்டிருக்கார். அப்படிப்பட்டவரை 2020 டிராஃப்ட்ல, அதான் என்எஃப்எல் புரொஃபஷனல் டீம்கள் காலேஜ் ஆட்களை எடுக்கறதுல, முதல் ஆளா எப்படி எடுத்தாங்க?

சுந்தர் மாமா: நடுவுல ரெண்டு வருஷம் லூசியானா ஸ்டேட் (எல்எஸ்யு) இருக்கேடா. அதை விட்டுட்டா கணக்கு இடிக்கத்தான் செய்யும்.

கார்த்தி: எல்எஸ்யு தெரியும் மாமா. முதல் மூணு வருஷம் என்ன ஆச்சுன்னுதான் கேக்கறேன்.

சுந்தர் மாமா: 2015 ரெட்ஷர்ட். அப்போ இருந்த விதிப்படி டீமோட பிராக்டிஸ் பண்ணலாம், ஆட்டத்துல இறங்கக் கூடாது. இறங்கலேன்னா அந்த வருஷம் கணக்குல கழியாது. காலேஜ்ல சேர்ந்ததிலேருந்து 5 வருஷம், அதுக்குள்ள 4 சீசன் ஆடிக்கலாம்னு இருந்துச்சு. 2016, 2017 ரெண்டும் முதல் குவாட்டர்பேக் ஜே.டி. பாரெட்டுக்குப் பின்னாடி மாற்று ஆளா நின்னார்.

சுந்தர் மாமா: 2017 ஆகஸ்ட்ல எறியற கை உடைஞ்சது. அதுல ரெண்டாவது இடம் டுவெய்ன் ஹாஸ்கின்ஸுக்குப் போச்சு. நவம்பர்ல மிஷிகன் ஆட்டத்துல பாரெட்டுக்கு அடிபட்டப்போ உள்ளே இறங்கி ஜெயிக்க வச்சது ஹாஸ்கின்ஸ்தான். குவாட்டர்பேக்ல ஒரே ஒருத்தன்தான் ஆட முடியும். பந்தைப் பிடிக்கற ரிசீவர் மாதிரி மாத்தி மாத்தி இறக்க மாட்டாங்க. ஒரு காயம், வரிசை அப்படியே மாறிடுச்சு.

செல்வி அத்தை: அப்போ வேற காலேஜுக்குப் போனா உடனே ஆடலாமா?

சுந்தர் மாமா: அப்போ முடியாது செல்வி. மாறினா ஒரு வருஷம் சும்மா உட்காரணும். ஆனா டிகிரி முடிச்சுட்டு மாறினா அந்தத் தடை கிடையாது. பர்ரோ மூணே வருஷத்துல டிகிரி வாங்கிட்டார். 2018 மே மாசம் கிளம்பினார், கையில ரெண்டு சீசன் மிச்சம்.

செல்வி அத்தை: டிகிரி முடிக்கலேன்னா?

சுந்தர் மாமா: 2018 போச்சு. 2019 மட்டும் மிச்சம், அதுவும் ஒரு வருஷமா ஆடாத கையோட. அந்தக் காகிதம்தான் அவர் கேரியரைக் காப்பாத்துச்சுன்னு நான் சொல்லுவேன். இதை யாரும் ஹைலைட்ஸ்ல காட்ட மாட்டாங்க.

ரவி சித்தப்பா: காகிதம் சரி மச்சான். ஆனா 2018ல அவர் பெரிசா ஒண்ணும் கிழிக்கலையே. 57.8 சதவீதம் கம்ப்ளீஷன் (நம்ம ஆள் பிடிச்ச பாஸ்), 16 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கறது), 5 இன்டர்செப்ஷன் (எதிரி பிடிச்ச பாஸ்). டீம் 10-3, பத்து வெற்றி, மூணு தோல்வி. டிராஃப்ட்ல முதல் சுற்றுன்னு யாரும் பேசவே இல்லை. 2019ல வித்தியாசம் என்னன்னா ஜோ பிரேடி வந்தார்.

மீனா அக்கா: வந்துட்டார் சித்தப்பா 😄

ரவி சித்தப்பா: சொல்றதைக் கேளு மா. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ்லேருந்து வந்த ஆள். ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஸ்டீவ் என்ஸ்மிங்கர் அப்படியே இருந்தார், பிரேடி பாஸிங்கைப் பார்த்துக்கிட்டார். பழைய ஆட்டத்தை மூட்டை கட்டி வச்சுட்டு மைதானத்தை அகலமா விரிச்சாங்க. பல தடவை அஞ்சு பேரையுமே பாஸ் பிடிக்க அனுப்பிட்டு, குவாட்டர்பேக் பக்கத்துல ஒருத்தர் கூட இல்லாம நிக்க வச்சாங்க. அதோட ரன்-பாஸ் ஆப்ஷன், சுருக்கமா ஆர்பிஓ.

கார்த்தி: ஆர்பிஓ ஓடறதா எறியறதா, யார் முடிவு பண்றாங்க?

ரவி சித்தப்பா: குவாட்டர்பேக்தான், அதுவும் ஸ்னாப்புக்கு அப்புறம், அதாவது பந்து அவர் கைக்கு வந்த பின்னாடி. லைன்ல, அதாவது முன்னால நின்னு எதிரியைத் தடுக்கற அஞ்சு பேர்ல, எல்லாரும் ஓட்டத்துக்குத்தான் பிளாக் பண்ணுவாங்க. எதிரி டீம்ல லைனுக்குப் பின்னால நிக்கற ஒரு லைன்பேக்கரை மட்டும் கண்ணு வச்சுக்கணும். அவன் ஓட்டத்தைத் தடுக்க முன்னால வந்தா, அவன் விட்ட இடத்துல பாஸ். வரலேன்னா பந்தை எடுத்துக்கிட்டு ஓடற ரன்னிங் பேக் கையில கொடுத்துடணும். காலேஜ்ல இது சுலபம், ஏன்னா லைன்மேன் 3 யார்டு வரைக்கும் முன்னால போகலாம். என்எஃப்எல்ல 1 யார்டுதான். யோசிக்க நேரமெடுத்தா அங்கே தப்புன்னு நடுவரோட கொடி விழுந்துடும்.

மீனா அக்கா: எல்லாம் சரி. ஆனா அஞ்சு பேரையும் வெளியே அனுப்பினா பிளாக் பண்ண அஞ்சே பேர்தான். எதிரி ஆறு பேரை அனுப்பினா ஒருத்தன் தடையே இல்லாம வருவான். அது யாருன்னு ஸ்னாப்புக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், அவன் காலி பண்ணின இடத்துக்கு உடனே பந்து போகணும். அதை பிரேடி மேல கோச்சுங்க பெட்டியில உட்கார்ந்துக்கிட்டு பண்ண முடியாது.

மீனா அக்கா: கார்த்தி, 2019 செப்டம்பர் 7, ஆஸ்டின்ல டெக்சஸ் ஆட்டம் பாரு. 37-31 முன்னிலை, ஆட்டம் முடிய மூணு நிமிஷம் கூட இல்லை. தேர்டு டவுன், அதாவது மூணாவது முயற்சி, 17 யார்டு வேணும். இந்த நிலைமையில பாதி டீம் ஓட்டத்தைக் கொடுத்து நேரத்தைத் தின்னுட்டு பண்ட் அடிச்சிருக்கும், பந்தை எதிரிகிட்ட தூரமா உதைச்சு விட்டிருக்கும். டெக்சஸ் பிளிட்ஸ் விட்டாங்க, குவாட்டர்பேக் மேல கூடுதல் ஆட்களைப் பாய விட்டாங்க. பர்ரோ பின்னால ஓடலை, லைன் சுத்தி நின்னு காக்கற பாக்கெட்டுக்குள்ளயே முன்னால நகர்ந்து எறிஞ்சார். ஜஸ்டின் ஜெஃபர்சன் பிடிச்சு ஓடி 61 யார்டு டச்டவுன். 45-38ல முடிஞ்சது.

செல்வி அத்தை: பின்னால ஓடினா என்ன தப்பு?

மீனா அக்கா: ஓரத்துலேருந்து வர்றவங்க வளைஞ்சு வருவாங்க அத்தை. பின்னால போனா நேரா அவங்க கைக்குள்ள போய் மாட்டுவோம். முன்னால ரெண்டு அடி வச்சா அவங்க முதுகுக்குப் பின்னால தாண்டிப் போயிடுவாங்க. ஆனா கண்ணு ரிசீவர் மேலயே இருக்கணும். வர்றவனைப் பார்க்க ஆரம்பிச்சாச்சுன்னா அந்த பாஸ் அவ்ளோதான்.

கார்த்தி: சரி, 2019 நம்பர் சொல்லுங்க.

மீனா அக்கா: 527 பாஸ், 402 கம்ப்ளீட், 5,671 யார்டு, 60 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன். 76.3 சதவீதம். டீம் 15-0. 60ங்கறது அப்போ ரெக்கார்டு, அதுக்கு முன்னாடி ஹவாயில கோல்ட் பிரெனன் 2006ல போட்ட 58. 2021ல பெய்லி ஜாப்பி 62 போட்டு இதையும் தாண்டிட்டார்.

மீனா அக்கா: ரேட்டிங் நீயே போட்டுப் பாரு. யார்டை 8.4ஆல பெருக்கு, டச்டவுனை 330ஆல, கம்ப்ளீஷனை 100ஆல. மூணையும் கூட்டு. இன்டர்செப்ஷனை 200ஆல பெருக்கிக் கழி. மொத்தத்தை பாஸ் எண்ணிக்கையால வகு. இது காலேஜ் கணக்கு, என்எஃப்எல் கணக்கு வேற.

கார்த்தி: 47,636 + 19,800 + 40,200 − 1,200... வகுத்தா 202!

மீனா அக்கா: அதே. 2018க்குப் போட்டா 133.2 வரும்.

சுந்தர் மாமா: இன்னொரு வேடிக்கை. ஓஹாயோ ஸ்டேட்ல மூணு வருஷத்துக்கும் சேர்த்து 39க்கு 29 கம்ப்ளீட், 287 யார்டு, 2 டச்டவுன். 2019 பீச் பவுல்ல ஓக்லஹோமாவுக்கு எதிரா ஒரே ஆட்டத்துல அதே 39க்கு 29. ஆனா 493 யார்டு, 7 டச்டவுன். ஏழும் முதல் பாதியிலேயே!

ரவி சித்தப்பா: யாருக்கு எறிஞ்சார்னும் சொல்லணும்ல. ஜமார் சேஸ் 1,780 யார்டு, 20 டச்டவுன். ஜெஃபர்சன் 1,540 யார்டு, 18 டச்டவுன். ரன்னிங் பேக் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் மட்டும் 55 பாஸ் பிடிச்சிருக்கார். நாட்டிலேயே சிறந்த லைனுக்குக் கொடுக்கற ஜோ மூர் விருதும் அந்த வருஷம் இவங்களுக்குத்தான். எனக்கே ஒரு இருநூறு யார்டு தேறியிருக்கும்.

மீனா அக்கா: தேறும் தேறும் 😂 அதே ஜெஃபர்சன் 2018லயும் இருந்தார் சித்தப்பா, 875 யார்டு.

ரவி சித்தப்பா: நான் சொல்றதும் அதேதான் மா! அதே குவாட்டர்பேக், அதே ரிசீவர். மாறினது ஆட்ட முறை.

சுந்தர் மாமா: 2020ல எல்எஸ்யு 5-5. அதை வச்சும் தீர்ப்பு சொல்ல முடியாது. பர்ரோ, பிரேடி, ஜெஃபர்சன் மூணு பேரும் ஒரே நேரத்துல போயிட்டாங்க, சேஸ் அந்த சீசன் ஆடலை. எந்தச் செங்கலை எடுத்ததால சுவர் விழுந்துச்சுன்னு யார் சொல்றது.

கார்த்தி: பலவீனமே இல்லையா அவர்கிட்ட?

மீனா அக்கா: இருக்கு. கை அளவு 9 அங்குலம்தான், குவாட்டர்பேக்குக்குச் சின்னது. டிராஃப்டுக்கு முன்னாடி விரலை விரிச்சு, கட்டைவிரல் நுனியிலேருந்து சுண்டுவிரல் நுனி வரைக்கும் அளப்பாங்க. ஈரத்துல, குளிர்ல பந்து நழுவும்னு பயம். ஆனா பெரிய பிரச்சினை பந்தைக் கடைசி நொடி வரைக்கும் கையில வச்சுக்கறது. நல்ல லைன் இருந்தா அதுவே பலம். லைன் ஓட்டையா இருந்தா சாக், எறியறதுக்குள்ள ஆளை விழ வச்சுடுவாங்க. டிராஃப்ட்ல அவரை எடுத்த சின்சினாட்டில 2021ல 51 சாக், லீக்லயே அதிகம்.

ரவி சித்தப்பா: பார்த்தியா, லைன்!

செல்வி அத்தை: காலேஜ் ஃபுட்பால்ல சிறந்த வீரருக்குக் கொடுக்கற ஹெய்ஸ்மன் விருது மேடையில பசியைப் பத்திப் பேசினது இவர்தானே?

சுந்தர் மாமா: ஆமா. 841 முதலிட ஓட்டு வாங்கி ஜெயிச்ச அன்னிக்கு, 2019 டிசம்பர் 14. ஓஹாயோல அவர் வளர்ந்த ஏதென்ஸ் கவுன்டில பசங்க சாப்பாடு இல்லாம வீட்டுக்குப் போறாங்கன்னு சொன்னார். அங்கத்து உணவு வங்கிக்கு 5 லட்சம் டாலருக்கு மேல சேர்ந்துச்சு.

கார்த்தி: இப்போ மாதிரி விதி இருந்திருந்தா ஓஹாயோல மூணு வருஷம் இருந்திருப்பாரா?

சுந்தர் மாமா: சந்தேகம்தான். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், காலேஜ் மாற நினைக்கறவங்க பேர் பதியற தளம், 2018 அக்டோபர்ல வந்துச்சு. 2021லேருந்து ஒரு தடவை மாறினா உட்கார வேண்டாம், 2024லேருந்து எத்தனை தடவை வேணும்னாலும் மாறலாம், படிப்பு ஒழுங்கா இருந்தா போதும். பேரை வச்சு விளம்பரத்துல காசு பார்க்க 2021 ஜூலைலேருந்து அனுமதி. கை உடைஞ்ச வருஷமே கிளம்பியிருப்பார்.

கார்த்தி: முழுசா ஒரு ஆட்டம் பார்க்கணும்னா எது?

மீனா அக்கா: ஃபைனல் வேண்டாம், கிளெம்சன் 42-25 முடிவு எல்லாருக்கும் தெரியும். 2019 நவம்பர் 9, அலபாமா, 46-41. பந்தைத் தொடராத. ஸ்னாப்புக்கு முன்னாடி பின்வரிசை சேஃப்டி ரெண்டு பேர் எங்க நிக்கறாங்க, ஸ்னாப் ஆனதும் எங்க நகர்றாங்கன்னு பாரு. அப்புறம் பர்ரோ எங்க எறிஞ்சார்னு பாரு.

ரவி சித்தப்பா: ரெண்டாவது தடவை போட்டு லைன் அஞ்சு பேரை மட்டும் பாரு. பார்த்துட்டு அக்காவுக்குச் சொல்லு.